பச்சை மீசை

குளித்துவிட்டு வந்த மாமாவின் மீசை பச்சையாக இருந்தது.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். காணாமல் போனவர்களைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். கண்டுபிடிக்கப் போன இடத்தில் அவரே காணாமல் போய்விடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். என்னை இந்த வேலையில் அமர்த்தியது அக்கா. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் மாதம் தவறாமல் கிடைக்கும்.

மாமாவின் மீசை பஞ்சு மாதிரி வெளுத்தது. மீசைக்குச் சாயம் அடிப்பவனை நம்பக்கூடாது என்பது அவருடைய கொள்கைகளில் ஒன்று. அந்தக் கொள்கை இப்போது மூக்குக்குக் கீழே இளம்பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

"மாமா, வயசை மறைக்கணும்னா கறுப்பு அடிப்பாங்க. பச்சை அடிச்சா வயசு தெரியாதுதான். ஆனா மனுஷனா மாங்காயான்னு சந்தேகம் வரும்."

"கண்ணாடியைக் குடு மாப்ள."

பார்த்தார். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். துண்டை எடுத்துப் பார்த்தார், அதுவும் பச்சை. கோபப்படுவார் என்று நான் ஒரு நாற்காலியைத் தள்ளி எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். அவரோ மீசையை வருடிக்கொண்டே யோசனையில் விழுந்துவிட்டார்.

அதற்குள் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரம்மாவே இரண்டு படுக்கை விரிப்புகளை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மாமாவைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க விரிப்பையே வாயில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க சார். தண்ணி என்னவோ ஆகிப்போச்சு. காலையில ஊறப்போட்ட வெள்ளை விரிப்பு ரெண்டும் இந்தக் கதி. நேத்து துவைச்சதெல்லாம் பளிச்சுன்னு காயுது, பாருங்க."

"தண்ணி எங்கிருந்து வருது?"

"பின்னால இருக்கற ஊற்றுலேர்ந்துதான். மலைக்குள்ள போற ஆறு அங்கதானே சார் வெளிய வருது. குழாய் போட்டு இழுத்திருக்கோம். பாசியா இருக்குமோ?"

"பாசின்னா வழவழன்னு இருக்கும். இது சாயம்." மாமா ஒரு விரிப்பை வாங்கி முகர்ந்தார். "இதைத் துவைக்காதீங்க."

"நீங்களும் மீசையைத் துவைக்காதீங்க மாமா, தடயம்" என்றேன். கிண்டலுக்குச் சொன்னது. அவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, பச்சை மீசையோடு காலை உணவுக்கு இறங்கிவிட்டார். ரொட்டி கொண்டுவந்த பையனும் பக்கத்து மேசைக் குடும்பமும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவரைத் தெரியாதவன் போல வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நாங்கள் அந்த மலைக்கு வந்தது ஒரு செத்த மனிதரைத் தேடி.

அந்த மலையில் ஓர் ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். சுவர் முழுக்கக் குகை. அந்தக் குகைகளுக்குள் ஆட்களைக் கூட்டிப் போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் வழிகாட்டி ஒருவர் இருந்தார். ஊரார் அவரை வவ்வால் என்பார்கள். படகில் அழைத்துப் போவது அவருடைய கூட்டாளி கேப்டன்.

ஆறு ஓரிடத்தில் மலைக்குள்ளேயே நுழைந்து மறைந்துவிடும். அந்த இடத்துக்குத் தொண்டை என்று பெயர். போன வாரம் கேப்டனும் வவ்வாலும் அங்கே போனார்கள். கேப்டன் மட்டும் திரும்பி வந்தார். வவ்வால் வழுக்கி விழுந்ததாகவும், லைஃப் ஜாக்கெட்டோடு ஆறு அவரை உள்ளே இழுத்துக்கொண்டதாகவும் சொன்னார். மறுநாள் அந்த ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் மலைக்கு இந்தப் பக்கம், எங்கள் விடுதிக்குப் பின்னால் இருக்கிற ஊற்றில் ஒதுங்கிக் கிடந்தது. போதாததற்கு நல்ல மழை. ஆறு கலங்கி ஓடியது. தேடியவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

ஒருவர் மட்டும் நம்பவில்லை. வவ்வாலின் மனைவி. மலைப் பாதையில் பஸ் ஓட்டுகிறவர். டிரைவரம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸை எங்கள் அலுவலக வாசலிலேயே நிறுத்திவிட்டு, பயணிகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க, உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அவர் சாகலை சார்."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் மாமா.

"இஞ்சின்ல ஏதாவது கழண்டா, பாக்காமலே காதுக்குத் தெரியும். இவர் விஷயத்துல எனக்கு எந்தச் சத்தமும் கேக்கல."

அவர் போனதும், "இதெல்லாம் சாட்சியா மாமா?" என்றேன். "இதுவரைக்கும் கிடைச்சதுல இதான் உருப்படி" என்று மாமா பெட்டியைக் கட்டச் சொன்னார்.

அப்படி வந்து சேர்ந்த மறுநாள்தான் மீசை பச்சையானது.

சாப்பிட்டு முடித்துப் படகுத்துறைக்குப் போனோம். கேப்டன் காத்திருந்தார். நங்கூரம் போட்ட தொப்பி, தோளில் பட்டை வைத்த சட்டை. கடலைப் பார்த்தே இராத கேப்டன். ஆள் இளைத்துப்போயிருந்தார். மாமாவைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல எடுத்த கை பாதியில் நின்று, பிறகு மேலே போனது.

"வாங்க சார். தண்ணி தெளிஞ்சிடுச்சு. தொண்டை வரைக்கும் போயிடலாம்."

படகு இடுக்குக்குள் நுழைந்தது. தலைக்கு மேலே வானம் ஒரு நாடா அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. இரண்டு பக்கச் சுவரிலும் மழைத் தண்ணீர் கரைத்த ஓட்டைகள்; சிலது தலை நுழைகிற அளவு, சிலது வீடு நுழைகிற அளவு. பல் டாக்டரையே பார்க்காத ஒரு கிழவரின் வாய்க்குள் போவது மாதிரி இருந்தது. நான் அதைச் சொன்னேன். மாமா மட்டும் சிரித்தார்.

"வவ்வாலும் நானும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க சார்" என்றார் கேப்டன், துடுப்பைப் பார்த்துக்கொண்டே. "அவன் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"கண்ணைப் பாத்தாலே தெரியுது" என்றார் மாமா.

தொண்டை என்பது ஒரு பெரிய குளம் போல இருந்தது. ஆறு அதற்குள் வந்து விழுந்து, எதிரே இருந்த பாறைச் சுவரில் முட்டி, அப்புறம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. சத்தம் மட்டும் அடியிலிருந்து வந்தது. நாங்கள் பக்கவாட்டில் ஒரு பாறையில் ஏறி நின்றோம்.

"இங்கதான் சார் வழுக்கினான். அந்தச் சுவருக்கு அடியில ஒரு பிளவு இருக்கு. தண்ணி அது வழியாத்தான் உள்ள போகுது. கண் மூடித் திறக்கறதுக்குள்ள இழுத்துக்கிச்சு."

மாமா குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். சுவரோரமாகச் சில பொருள்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒற்றை ரப்பர் செருப்பு. ஒரு சிவப்புப் பந்து. யாரோ பெண்ணின் வைக்கோல் தொப்பி. ஊர்வலம் மாதிரி ஒன்றின் பின் ஒன்றாக வந்தன, சுவரில் முட்டின, திரும்பின, மறுபடி வந்தன.

"மாப்ள, அந்தச் செருப்பு எத்தனை நாளா இங்க சுத்துதுன்னு நினைக்கற?"

"பாசியைப் பாத்தா, அதோட ஜோடிச் செருப்புக்கே பேரன் பேத்தி பிறந்திருக்கும்."

"ஏன் உள்ள போகல?"

"பிளவு அடியில இருக்கு மாமா. மிதக்கறது எப்படி அடிக்குப் போகும்?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. சில சமயம் என் வாய் மூளைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

மாமா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "கேப்டன், ஒரு ஒத்தச் செருப்புக்கே உள்ள போக வழியில்ல. மிதக்கறதுக்குன்னே செஞ்ச லைஃப் ஜாக்கெட் எப்படிப் போச்சு? அதுவும் ஒரு ஆளைச் சுமந்துக்கிட்டு?"

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் சார் ஊத்துல கொண்டுபோய்ப் போட்டேன்."

 மாமா அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஜாக்கெட்டைக் கழட்டிப் படகுல வெச்சிட்டுத்தான் குனிஞ்சான். விழுந்துட்டான். அவன் பொண்டாட்டி அந்த ஊத்துக் கரையில நின்னுக்கிட்டு, சாப்பிடாம கொள்ளாம, தண்ணியையே வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்துச்சு. ஏதாவது ஒண்ணு கையில கிடைச்சா அழுதாவது தீர்க்குமேன்னு தோணுச்சு. தப்புதான்."

 நான் அவரை நம்பிவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் கைக்குட்டையைக்கூடக் கொடுத்தேன். மாமா அவர் தோளில் தட்டி, "வாங்க, போலாம்" என்று படகில் ஏறினார்.

படகுத்துறைக்கு மேலே பஸ் நின்றிருந்தது. டிரைவரம்மா படியிறங்கி எங்களை நோக்கி வந்தார். காக்கிச் சட்டையின் கை முழங்கைக்கு மேல் மடித்திருந்தது. "ஏதாவது தெரிஞ்சுதா சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மாமாவின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் நின்றுவிட்டார். சிரிக்கவில்லை. கையை நீட்டி, ஒரு வேற்று ஆணின் மீசையை, சந்தையில் துணியைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

அக்கா இதைப் பார்த்திருந்தால் கதையே வேறு.

"இந்தக் கலர் எங்க ஒட்டுச்சு?"

"குளிச்சேன். ஊத்துத் தண்ணியில."

"எப்ப?"

"இன்னிக்குக் காலையில."

அவர் பஸ்ஸின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டார். "இது அவரோட பொடி சார். குகைக்குள்ள ஓடற தண்ணி எங்க போய் வெளிய வருதுன்னு பாக்கறதுக்குக் கரைப்பாரு. ஒரு சிட்டிகை போட்டா ஓடையே பச்சையாயிடும். இடுப்புப் பையில டப்பா இருந்துக்கிட்டே இருக்கும். அவர் விரலெல்லாம் எப்பவும் இந்தக் கலர்தான். எங்க வீட்டுக் கதவு, தலகாணி, எல்லாத்துலயும் இருக்கும்."

"நேத்து துவைச்ச விரிப்பு வெள்ளை. இன்னிக்குத் துவைச்சது பச்சை" என்றார் மாமா. "செத்தவங்க சாயம் கரைக்க மாட்டாங்கம்மா. அவர் மலைக்குள்ள எங்கயோ உயிரோட இருக்காரு. கயிறு வேணும், விளக்கு வேணும். உடனே."

  டிரைவரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற கேப்டன்தான் முதலில் அசைந்தார். படகுக் கொட்டகைக்குள் ஓடி, கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டி, ஒரு விளக்கையும் எடுத்துக்கொண்டு வந்து, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சரிவில் ஏற ஆரம்பித்தார்.

நாங்கள் மூச்சிரைக்கப் பின்னால் ஏறினோம். பாதையின் இரண்டு பக்கமும் ஓட்டைகள். பெரிய குகை வாய் ஒன்றைக் கடந்தோம். கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தடுத்து மூன்று பிளவுகள், அதையும் கடந்தார். ஆற்றுக்கு நேர் மேலே, புதருக்குப் பின்னால், ஒரு மேசை அளவுக்குத் தட்டைக் கல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் படர்ந்திருந்த கொடியை விலக்கினார். கீழே கறுப்பாக ஒரு துவாரம். கேப்டன் மண்டியிட்டுக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

மாமா பக்கத்தில் வந்து நின்று நிதானமாக மூச்சு வாங்கினார்.

"கேப்டன், மலையில அவர் எங்கயோ இருக்காருன்னுதான் நான் சொன்னேன். எந்த ஓட்டைன்னு சொல்லலையே."

கயிற்றை அவிழ்த்த கைகள் நின்றன.

"இன்னிக்குக் காலையிலேர்ந்து என் மீசையைப் பாத்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. இந்தம்மா காரணம் கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சிரிக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. பாத்த உடனே உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு."

டிரைவரம்மா கேப்டனை நோக்கி ஒரு அடி வைத்தார். நான் நடுவில் போனேன். அவர் என்னை ஒரு கையால் ஒதுக்கினார், நான் ஒதுங்கினேன். மாமாதான், "அப்புறம்மா. முதல்ல ஆளை வெளிய எடுக்கணும்" என்றார். அவர் நின்றுவிட்டார்.

கேப்டன் தரையைப் பார்த்துப் பேசினார். "உள்ள ஒரு மண்டபம் இருக்கு சார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் கண்டுபிடிச்சோம். அவ்வளவும் வெள்ளை. உலகத்துல யாரும் பாத்திருக்க மாட்டாங்க. விளக்குப் போட்டு ஜனங்களைக் கூட்டிட்டு வரலாம்னு நான் சொன்னேன். மூச்சுப் பட்டாலே உதிர்ந்துடும், வாயை அடைச்சு மறந்துடலாம்னு அவன் சொன்னான். ஊர்ல கேப்டன் கேப்டன்னு கூப்பிட்டாலும் நான் வெறும் படகுக்காரன் சார். எனக்குன்னு அது ஒண்ணுதான் கிடைச்சிருந்துச்சு. அவன் உள்ள இருக்கறப்ப கயிறை இழுத்துக்கிட்டேன். கொஞ்ச நேரம் பயமுறுத்தலாம்னுதான். அப்புறம் மழை வந்துச்சு. அப்புறம் எனக்குப் பயம் வந்துச்சு. ஊர்ல பொய் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எப்படி சார் திரும்பி வர்றது?"

"நடந்துதான்" என்றார் மாமா.

"தப்பிக்கணும்னா வேற ஓட்டையைக் காட்டியிருக்கலாமே சார்" என்றார் கேப்டன்.

"ஆமா. அது உங்க கணக்குல இருக்கற ஒரே நல்ல விஷயம். கோர்ட்டுல மறக்காம சொல்லுங்க." மாமா தன் பெல்ட்டைக் கழற்றி அவர் கைகளைப் பின்னால் கட்டினார். கட்டிய பிறகு ஒரு கையால் தன் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

"நான் இறங்கறேன்" என்றார் டிரைவரம்மா.

"நீங்க இறங்கினா மேல இழுக்க யாரு? என் முதுகுக்கு ஒரு வாளித் தண்ணியே ஜாஸ்தி" என்றார் மாமா.

மாமாவின் தொப்பைக்கும் அந்தத் துவாரத்துக்கும் சமரசம் ஆகாது என்பதும் தெரிந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கேப்டன்கூடப் பார்த்தார்.

"அக்காவுக்கு என்ன பதில் சொல்லுவீங்க மாமா?"

"நல்லபடியா இறங்கினான்னு சொல்றேன்."

டிரைவரம்மா கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி, நுனியை என் இடுப்பில் கட்டினார். "பயப்படாதீங்க. கொண்டை ஊசி வளைவுல பஸ் திருப்பற கை இது." அந்தக் கையைப் பார்த்தேன். நம்பலாம் போலிருந்தது. இறங்கினேன்.

ஈரச் சுவர் முதுகை உரசியது. மேலே வெளிச்சம் ஒரு பொட்டாகச் சுருங்கியது. எனக்குத் தெரிந்த ஜோக்குகளை எல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன், ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. கால் மணலில் பட்டது. விளக்கைத் திருப்பினேன்.

வெள்ளை. கூரையிலிருந்து ஊசி ஊசியாக, நூல் நூலாக, ஆயிரமாயிரமாய்த் தொங்கியது. தரையில் ஓர் ஓடை ஓடியது. நான் வாயைப் பிளந்துகொண்டு ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"இடப்பக்கம் மிதிக்காதீங்க, உடைஞ்சிடும்" என்றது ஒரு குரல். "விளக்கைக் கீழ பிடிங்க, கண்ணு கூசுது."

ஓடை ஓரத்தில் ஒருவர் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடியும் குழிந்த கன்னமுமாக இருந்தார். விரல்கள் பத்தும் பச்சை. பக்கத்தில் சாக்லேட் காகிதங்கள் சதுரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன; குப்பை போடக்கூடாது என்று சுற்றுலா வந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே பழகிய மனிதர்.

"அண்ணே, உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம். உங்க வீட்டுக்காரம்மா மேலதான் நிக்கறாங்க."

அவர் தலையசைத்தார்.  பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கேப்டன் கிடைச்சானா?"

எனக்குப் புரியவில்லை.

"மேல கயிறைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். நான் திரும்பி வந்து பாக்கறேன், கயிறைக் காணோம், ஆளையும் காணோம். வழுக்கிக் கயிறோட ஆத்துல விழுந்திருப்பான். அப்புறம் மழைச் சத்தம் வேற. பொடியை முதல்ல போட்டப்பத் தண்ணி கலங்கலா இருந்திருக்கும், யாரு கண்ணுலயும் பட்டிருக்காது. மிச்சம் ஒரு சிட்டிகைதான். தண்ணி தெளியட்டும்னு பொறுத்திருந்து ராத்திரிதான் போட்டேன். நான் எப்படியும் கொஞ்ச நாள் தாங்குவேன். அவன் ஆத்துல எங்கயாவது கால் ஒடிஞ்சு கிடந்தான்னா? அவனைத் தேடுவீங்களேன்னுதான் போட்டேன்."

 

"உயிரோடதான் இருக்காரு" என்றேன்.

அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். முகம் அப்படியே தளர்ந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கயிற்றை அவர் இடுப்பில் கட்டுவதில் மும்முரமானேன்.

முதலில் அவரை இழுத்தார்கள். பிறகு என்னை. நான் மேலே வந்து வெயிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது, டிரைவரம்மா அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க போனாலும் சொல்லிட்டுப் போகத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். வவ்வால் மனைவியின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் டிரைவரம்மா பஸ்ஸிலிருந்து கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். வவ்வால் குடிக்கத் தொடங்கினார். பாதியில்தான் புதரோரம் உட்கார்ந்திருந்த கேப்டனைக் கண்டார்.

"டேய்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. தள்ளாடி எழுந்து போய் அவர் முன்னால் உட்கார்ந்தார். "நீ போயிட்டேன்னே நினைச்சிட்டேன்டா. அடி ஏதும் படலையே? இந்தா, குடி."

பாதி பாட்டிலை நீட்டினார். கேப்டன் வாங்கவில்லை. வாங்கக் கை இல்லை என்பது அப்போதுதான் வவ்வாலுக்குத் தெரிந்தது.

"இவன் கையை ஏன் கட்டியிருக்கீங்க?"

டிரைவரம்மா சொல்ல வாயெடுத்தார். மாமா வேண்டாம் என்று தலையசைத்து, கேப்டனைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். 

"நான் விழலைடா" என்றார் கேப்டன். "கயிறை நான்தான் இழுத்துக்கிட்டேன்."

 நீட்டிய பாட்டில் நீட்டியபடியே நின்றது. வவ்வால் நண்பனின் முகத்தை, இருட்டில் ஒரு பாதையைத் தேடுவது போல, மேலும் கீழுமாகப் பார்த்தார். 

பிறகு கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பாட்டிலைச் சாய்த்து, மிச்சமிருந்த தண்ணீரையும் ஒரு சொட்டு விடாமல் தானே குடித்தார்.